பட்டறிவை அளந்து கொடுப்பது: பிள்ளைகளுக்கு ஆபத்தைப் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கைப்பிடிச் சுவர் இல்லாத கழனிக் கிணறு, கல்லைப் புரட்டினால் தேள், மே மாதத்தில் வெறுங்கால் வைக்க முடியாத பாறை, மணல் அள்ளிய பள்ளங்களோடு கிடக்கும் பாலாறு, ஊரை வெட்டிக்கொண்டு ஓடும் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இவற்றுக்கு நடுவேதான் வளர்கிறார்கள். "அங்க போகாத, இத தொடாத" என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எட்டு வயது வரை ஓட்டிவிடலாம். அதற்கு மேல் பிள்ளை போகும், தொடும். அந்த நேரத்தில் நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

அனுபவத்துக்குத் தமிழில் பட்டறிவு என்று ஒரு பெயர் உண்டு. பட்டு அறிவது. எவ்வளவு பட வேண்டும், எங்கே படவே கூடாது என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே அளந்து வைப்பது எப்படி என்று சொல்வதே இந்த வழிகாட்டி. நான்கு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இது பொருந்தும். வயதுக் கணக்கு தோராயம்தான். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஏழில் வந்த கைப்பக்குவம் தம்பிக்கு ஒன்பதில் வரலாம்.

முதல் வேலை: ஆபத்தைப் பிரித்துப் பார்ப்பது

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் பிள்ளைகள் தாமாகவே தேடிப்போகும் ஆபத்து விளையாட்டை 2007-ல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவிகள், நீர் நெருப்பு போன்றவை, கட்டிப்புரண்டு சண்டை போடுவது, பெரியவர் கண்ணில் படாமல் போய்விடுவது. ஒரு கோடை விடுமுறைக்குள் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆறையும் செய்து முடித்துவிடுவார்கள். கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையும் ஒரு வேறுபாட்டை வலியுறுத்துகிறது: பிள்ளை தானே பார்த்து எடைபோடக்கூடிய ஆபத்து ஒன்று, பிள்ளையின் கண்ணுக்கோ அறிவுக்கோ எட்டாத ஆபத்து இன்னொன்று.

நடைமுறையில் இதை இரண்டு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். கடிப்பதற்கு முன் இது எச்சரிக்கிறதா? தவறினால் மிஞ்சுவது அழுகையா, தையலா, அல்லது திரும்பி வராத இழப்பா?

நெருப்பு தொடுவதற்கு முன்பே சுடுகிறது. கத்தியின் கூர்மை கண்ணுக்குத் தெரிகிறது. மரக்கிளை வளையும், முனகும். இவற்றைப் பழக்கலாம், பழக்கவும் வேண்டும். மின்சாரம் எச்சரிக்காது. இரண்டடித் தண்ணீரும் நாற்பதடித் தண்ணீரும் மேலே இருந்து பார்த்தால் ஒன்றுதான். ராத்திரியில் வரும் கட்டுவிரியன் சீறாது. இவற்றைத் தொட்டுப் பழக இடமே இல்லை. இவற்றைச் சுற்றியுள்ள பழக்கங்களைத்தான் கையால் செய்து காட்ட முடியும். இந்தப் பிரிவினையைத் தப்பாகப் போட்டுக்கொள்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. கத்தியைப் பரண்மேல் ஒளித்து வைப்பார்கள், ஈரத் தரையில் கிடக்கும் மோட்டார் வயரைப் பார்க்க மாட்டார்கள்.

தொடங்குவதற்கு முன்

காலை நேரம், பிள்ளை சாப்பிட்டுத் தூங்கி எழுந்த வேளை. பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் கை தடுமாறும். புதிய வேலை ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை. போன் வேறு அறையில். விருந்தாளி வந்திருக்கும் நாளில் வேண்டாம், பிள்ளை வித்தை காட்டப் பார்க்கும். கழுத்தில் கயிறு, அடையாள அட்டை, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது.

பக்கத்தில் ஒரு டப்பா: சுத்தமான பருத்தித் துணி நான்கைந்து துண்டு, ரோல் பேண்டேஜ் இரண்டு, பிளாஸ்திரி, சோப்பு, சிறு கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி. ஒரு குடம் தண்ணீரும் இருக்கட்டும். 108 என்ற எண்ணைப் பிள்ளையே சொல்ல வேண்டும். கூடவே வீட்டு முகவரியை அடையாளத்தோடு சொல்லவும் தெரிய வேண்டும்: எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது டேங்க். போனை அணைத்துவிட்டுப் பொய்யாகப் பேசவைத்து மூன்று முறை ஒத்திகை பாருங்கள்.

நீங்கள் வாயால் செய்வதும் பாதி வேலை. "டேய், உழுந்துடப் போற!" என்று கத்தினால் பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும், விழுவதும் அந்த நொடியில்தான். அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். "இடது கால் எங்க வெச்சிருக்க?" "அடுத்த கை எதப் புடிக்கப் போவுது?" "எறங்கறதுக்கு வழி பாத்தியா?" கேள்விக்கு விடை தேடும்போது பிள்ளையின் கண் வேலையில்தான் இருக்கும். உண்மையிலேயே நிறுத்த வேண்டிய தருணத்துக்கு ஒரே ஒரு சொல்லை ஒதுக்கிவையுங்கள்: "நில்லு". அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். சாப்பிட அழைக்கவும் படிக்கச் சொல்லவும் அதே குரலை வீணடித்தால் கிணற்றடியில் அது வேலை செய்யாது.

கத்தி

நான்கு ஐந்து வயதில் வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு. மொண்ணைக் கத்தியே போதும். இங்கே கற்றுக்கொள்வது வெட்டுவதை அல்ல, கத்தி இல்லாத கையை எங்கே வைப்பது என்பதை. விரல் நுனிகள் உள்ளே மடங்கி, நகம் காயைத் தொட்டுக்கொண்டு, கணு முன்னால் நிற்க வேண்டும். கத்தியின் பக்கவாட்டு கணுவில் உரசிக்கொண்டே இறங்கும். கட்டைவிரல் மற்ற விரல்களுக்குப் பின்னால். முதல் முறை வெட்டுப்படுவது ஏறக்குறைய எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல்தான்.

ஆறு ஏழு வயதில் வெண்டைக்காய், பீன்ஸ், கொத்தவரை. இப்போது கத்தி உண்மையிலேயே கூராக இருக்க வேண்டும். மூன்று அங்குல அலகு, பிள்ளையின் கைக்கு அடங்கும் பிடி. பிள்ளைக்கு மொண்ணைக் கத்தி கொடுப்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. மொண்ணைக் கத்திக்கு அழுத்தம் அதிகம் தேவை, அழுத்தும்போது காயின் தோலில் வழுக்கிக் கைக்குப் பாயும். தக்காளித் தோலில் அலகை வைத்து அழுத்தாமல் இழுத்தாலே கீறல் விழுந்தால் கூர் சரியாக இருக்கிறது என்று பொருள். வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போடுங்கள், பலகை நகராது. மேடை பிள்ளையின் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். மார்பு உயர மேடையில் வெட்டவிட்டால் தோள் தூக்கிக்கொள்ளும், கத்தி கட்டுப்பாட்டில் இருக்காது. தரையில் சம்மணம் போட்டு மணைமேல் பலகை வைப்பது நம் வீடுகளுக்கு எளிது.

எட்டு ஒன்பதில் உருண்டையான காய்கள். விதி ஒன்றே: உருள்வதை வெட்டாதே, முதலில் ஒரு பக்கம் சீவித் தட்டையாக்கு, தட்டைப் பக்கம் கீழே வை. வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாவற்றுக்கும் இதுதான். இந்தக் கட்டத்துக்கு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் மிக நல்ல வாத்தியார். காம்பிலும் புல்லியிலும் முள் இருக்கும். பார்க்காமல் பிடித்தால் குத்தும், ஆனால் ரத்தம் வருமளவுக்கு இருக்காது. எங்கே பிடிப்பது என்று பார்த்துவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும் என்பதை ஒரு கிலோ கத்திரிக்காய் கற்றுக்கொடுத்துவிடும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது சுவைக்காகத்தான் என்றாலும் இந்தப் பயனையும் சேர்த்துக்கொள்ளலாம். பூசணி, பரங்கி, பலா, தேங்காய் உடைக்கும் அரிவாள் இவையெல்லாம் பன்னிரண்டுக்குப் பிறகு.

அருவாமனை தனிக் கணக்கு. கத்தியில் அலகு நகர்கிறது, கை நிற்கிறது. அருவாமனையில் அலகு நிற்கிறது, இரண்டு கையும் அலகை நோக்கிப் போகின்றன. அதனால் கத்தி பழகிய பிள்ளைக்கும் இது புதிது. பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு முன் வேண்டாம். உட்கார்ந்து கால் மனையை அழுத்தியிருக்க வேண்டும். காயைத் தள்ளும் விரல்கள் அலகின் கோட்டிலிருந்து விலகி இருபக்கமும் இருக்க வேண்டும். எழுந்திருக்கும் முன் மடக்கு அருவாமனையாக இருந்தால் மடக்க வேண்டும், மடக்க முடியாததைச் சாய்த்துச் சுவர்ப்பக்கம் அலகைத் திருப்பிவைக்க வேண்டும். அருவாமனைக் காயங்களில் பல வெட்டும்போது நடப்பதில்லை. யாரோ விட்டுப்போன மனைமேல் இன்னொருவர் கால் படும்போது நடக்கின்றன.

எந்த வயதுக்கும் மூன்று பழக்கம். விழும் கத்தியைப் பிடிக்கப் போகாமல் காலைப் பின்னால் எடுப்பது. இதை மரக்கரண்டியைக் கீழே போட்டுப் போட்டு ஒத்திகை பார்க்க வேண்டும், சொன்னால் மட்டும் வராது. பிடிக்கப் போவது இயல்பான அனிச்சை. இரண்டாவது, கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்காமல் பலகைமேல் வைப்பது, அடுத்தவர் அங்கிருந்து எடுப்பது. மூன்றாவது, சோப்புத் தண்ணீருக்குள் கத்தியைப் போடாமல் இருப்பது.

வெட்டிக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம், டாக்டர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தைக்க வேண்டியிருக்கும். காயம் வாய் பிளந்திருந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. அழுத்துவதைப் பிள்ளையே செய்யட்டும். தன் ரத்தத்தைத் தானே நிறுத்த முடியும் என்று தெரிந்த பிள்ளை அலறாது.

நெருப்பு

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர். இருந்தும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு குச்சியைப் பாதுகாப்பாக உரசத் தெரியாத வீடுகள் அங்கேயும் இருக்கும். ஒளித்துவைத்த தீப்பெட்டிதான் வைக்கோல் போருக்குப் பின்னால் போகிறது.

ஆறு ஏழு வயதில் தொடங்கலாம். வெறும் மண் தரை, சுற்றிலும் இரண்டு மீட்டருக்குச் சருகு இல்லை, ஒரு வாளி தண்ணீர் முழுதாக. பருத்தி உடை மட்டும். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முடியைக் கட்டுங்கள், பாவாடையைச் செருகுங்கள், காற்று முதுகில் படும்படி பிள்ளையை உட்கார வையுங்கள்.

ஒன்று: குச்சியை எடுத்தபின் பெட்டியை மூடுவது. திறந்த பெட்டியில் உரசினால் மொத்தமும் பற்றிக்கொள்ளும். இரண்டு: குச்சியின் நடுவுக்குச் சற்றுக் கீழே பிடித்து, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக உரசுவது. வீட்டில் பலர் தம் பக்கமாக உரசுவார்கள், பிள்ளை அதைத்தான் பார்த்துச் செய்யும், எனவே முதலில் நீங்கள் மாறுங்கள். மூன்று: எரியும் குச்சியைத் தலை மேலாக நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், மெதுவாக எரியும். அடுத்த குச்சியைத் தலை கீழாகச் சாய்க்கச் சொல்லுங்கள், சுடர் சரசரவென விரலை நோக்கி ஏறும். நெருப்பு மேல்நோக்கிப் போகும் என்று பத்து முறை சொல்வதைவிட இந்த இரண்டு குச்சி போதும். பாவாடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, நின்றபடியே இருக்கவும் கூடாது, ஏன் படுக்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை இதுதான். நின்றால் சுடர் முகத்துக்கு ஏறும். "நில், படு, முகத்தை மூடு, உருள்" என்பதை உடனே மண்ணில் செய்ய வையுங்கள். நான்கு: சூடு விரலுக்கு வந்ததும் குச்சியை வாளியில் போடுவது. எரியும் குச்சியை உதறித் தூக்கி எறியும் பழக்கம் இங்கேயே முறிய வேண்டும்.

குச்சி இருபது முப்பது தவறாமல் வந்த பிறகு அகல் விளக்கு. கார்த்திகை தீபத்துக்கு இருபது அகலை வரிசையாக ஏற்றுவது நல்ல பரீட்சை. எட்டத்தில் உள்ளதை முதலில், கிட்டத்தில் உள்ளதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எரியும் விளக்குக்கு மேலாகக் கை நீட்ட வேண்டிவரும். இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறதா என்று ஐந்து விளக்கு வரை பொறுத்துப் பாருங்கள்.

ஒன்பது பத்து வயதில் அடுப்பு. மூன்று செங்கல், சுள்ளி, காய்ந்த தென்னம்பாளை. பாலாற்றிலிருந்து எடுத்து வந்த கூழாங்கல்லை அடுப்புக் கல்லாக வைக்காதீர்கள். உள்ளே ஊறியிருக்கும் ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறும். தை மாசியில் அறுவடை முடிந்த கொல்லியில் (நிலத்தில்) மல்லாட்டை (வேர்க்கடலை) சுடுவது இந்தப் பாடத்தின் உச்சம்: பிள்ளையே இடம் தேர்ந்து, சருகு ஒதுக்கி, பற்றவைத்து, சுட்டு, அணைக்க வேண்டும். பெரியவர் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பார். அணைப்பதுதான் பாதிப் பேர் தோற்கும் இடம். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மேலே மண்ணை மட்டும் தள்ளி மூடினால் உள்ளே கங்கு மணிக்கணக்கில் கிடக்கும், வெறுங்காலோடு வருகிறவர் மிதிப்பார்.

இவை எந்த வயதிலும் கூடாது: நெருப்பின்மேல் பெட்ரோல், மண்ணெண்ணெய், சானிடைசர் ஊற்றுவது. எரிவது அதன் ஆவி, சுடர் கேனுக்குள்ளேயே திரும்பி ஓடிவரும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைப் போட்டு கேஸை அணைக்க வேண்டும். ஆறிய சட்டியில் மூடியை எப்படித் தன்னிலிருந்து வெளிப்புறமாகச் சறுக்கி மூடுவது என்று ஒத்திகை பார்க்கலாம். கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906-க்குப் பேச வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் கதவைத் திறந்துவிடுவதும் முக்கியம். தீபாவளியில் கம்பி மத்தாப்பு அணைந்த பிறகும் கம்பி சிவந்திருக்கும், அதற்கு ஒரு வாளி தனியாக.

சுட்டால் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். வளையல், மோதிரம், அரைஞாண் உடனே கழற்றுங்கள், வீங்கிய பின் வராது. பற்பசை, இங்க், வெண்ணெய், ஐஸ் வேண்டாம். உள்ளங்கையளவுக்கு மேல் கொப்புளம், முகம், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் தண்ணீர் ஊற்றிய கையோடு ஆஸ்பத்திரி.

மரமும் பாறையும்

ஏறத் தெரியாத உயரத்துக்குத் தூக்கிவிடாதீர்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி விபத்து குறையும். தானே ஏறிய பிள்ளைக்கு ஏறிய வழி உடம்பில் பதிந்திருக்கும், இறங்கவும் தெரியும். முதல் மாதம் தன் உயரம், அடுத்து அதன் ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் மரத்தையும் பிள்ளையையும் பார்த்து.

மரம் முக்கியம். புளி வளையும், ஒடியாது. வேம்பு நல்லது. முருங்கை, பப்பாளி, நாவல் வேண்டாம். நாவல் கிளை பார்க்கத் தடியாக இருந்து சட்டென்று முறியும். மாமரத்தில் முசுறு (கடிக்கும் செவ்வெறும்பு) கூடு இருக்கிறதா என்று முதலில் கீழே நின்று பார்க்கட்டும். கை, கால் நான்கில் மூன்று எப்போதும் மரத்தில், ஒன்று மட்டுமே நகரும். கால் கிளையின் நுனியில் அல்ல, அடிமரத்தோடு ஒட்டிய கவையில். மணிக்கட்டைவிட மெல்லிய கிளையை நம்பாதே. இலையில்லாத கிளையைத் தட்டிப் பார். இறங்கும்போது முகம் மரத்தை நோக்கி இருக்கட்டும். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், எனவே பாதியில் "முடியல" என்று அழுதால் ஏணி கொண்டு ஓடாதீர்கள். கீழிருந்து "வலது காலுக்கு ஒரு சாண் கீழ கவ இருக்கு" என்று வழி சொல்லுங்கள். கீழே கிடக்கும் கல், வெட்டிய அடிக்கட்டை, முள்வேலி எல்லாவற்றையும் நீங்கள் முன்னாலேயே அகற்றியிருக்க வேண்டும். மரம் ஏறுவது பிள்ளையின் வேலை, தரையைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை.

பாறைக்கு நம்மூரில் பஞ்சமில்லை. உரிந்து நிற்கும் பாறைத் தகட்டை மிதிக்கும் முன் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல் சத்தம் வரும். அப்படிப்பட்ட தகட்டின் அடியில் தேளும் இருக்கும். பனியிலும் மழையிலும் பாசி பிடித்த கரும்பட்டை சோப்புக்கட்டி மாதிரி. கோடையில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாத பாறையில் பிள்ளையை விடாதீர்கள். கல்குவாரிப் பக்கம் பயிற்சியே கிடையாது.

தண்ணீர்

தண்ணீரைப் பழகக்கூடிய ஆபத்து, பழக முடியாத ஆபத்து இரண்டிலும் வைக்க வேண்டியிருக்கிறது. நீச்சல் பழகலாம். முன்பின் தெரியாத நீர்நிலையைப் பழக முடியாது.

தொட்டியில் தொடங்குங்கள். பம்புசெட் தொட்டியில் பிள்ளையின் இடுப்பளவு தண்ணீர். முகத்தை உள்ளே வைத்து மூக்கால் குமிழி விடுவது, தலையை வெளியே எடுத்து மூச்சு வாங்குவது, நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம், ஒரு வாரம். கையைக் காலை அடிப்பதற்கு முன் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுங்கள்: காது தண்ணீருக்குள், வயிறு மேலே, நெஞ்சு நிறையக் காற்று. தவறி விழுந்த பிள்ளையை முதலில் காப்பாற்றப் போவது நீச்சல் அல்ல, இந்த மிதப்புதான். ஒரு நிமிடம் அசையாமல் மிதக்க வந்த பிறகே கிணறு.

கழனிக் கிணற்றில் படி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தண்ணீருக்கடியில் பைப்பு, கயிறு, பாறை நீட்டம் உண்டா என்று நீங்கள் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். மோட்டாரை மெயினிலேயே அணையுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீரில், இன்னொருவர் மேலே கயிற்றோடு. முதுகில் நன்றாக உலர்ந்த சுரைக்குடுக்கை. கட்டும் முன் தண்ணீரில் அழுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், விரிசல் விட்ட குடுக்கை பாதியில் நிரம்பிவிடும். கயிறு அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி, இழுத்தால் இறுகாத முடிச்சு. இறுகும் சுருக்கு போட்டால் தூக்கும்போது விலாவை நெரிக்கும். லாரி டியூப் விளையாட்டுச் சாமான், பாதுகாப்புக் கருவி இல்லை. நடுவில் உட்கார்ந்த சின்னப் பிள்ளை கையைத் தூக்கினால் வழுக்கி உள்ளே போய்விடும்.

நீச்சல் வந்த பிறகு, சட்டை பேண்ட்டோடு ஒரு முறை இறங்க வையுங்கள். நனைந்த துணியின் கனம் தெரியாமல்தான் நீந்தத் தெரிந்தவர்களும் திணறுகிறார்கள்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போல் கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், சத்தம் இராது. இதைத் தொட்டியில் நடித்துக் காட்டுங்கள். காப்பாற்றக் குதிக்கக் கூடாது, எறிய வேண்டும். ஐந்து லிட்டர் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, பதினைந்து மீட்டர் கயிறு கட்டுங்கள். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் கேன் காற்றில் அலைந்து தூரம் போகாது. பத்து வயதுப் பிள்ளை வாரம் ஒரு முறை தரையில் வைத்த துண்டைக் குறிபார்த்து எறியட்டும். கேன் அவருக்கு அப்பால் விழ வேண்டும், பிறகு இழுத்துக் கையருகே கொண்டுவர வேண்டும். எறிகிறவர் படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ இழுக்க வேண்டும்.

பாலாறு, ஏரி, குவாரிக் குட்டை, கோட்டை அகழி: இறங்கக் கூடாது, அவ்வளவுதான். காரணத்தை மட்டும் காட்டலாம். காய்ந்த ஆற்றில் மணல் அள்ளிய பள்ளத்தின் ஓரத்தில், எட்ட நின்று, நீண்ட கழியால் விளிம்பைக் குத்திச் சரிவதைக் காட்டுங்கள். பிறகு மழை பெய்து அதே இடம் தட்டையாகத் தண்ணீர் நிரம்பி நிற்பதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வண்டல் எடுத்த ஏரியும் அப்படித்தான், முழங்காலளவிலிருந்து ஒரே அடியில் ஆள் மட்டம். வருடக்கணக்கில் வறண்ட பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் கரை புரண்டது. மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் இங்கே மழையே இல்லாமலும் கௌண்டன்யா ஆற்றில் தண்ணீர் வரும்.

தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தலைமேல் வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தைத் தின்னும். மூச்சு இல்லாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சு, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை. பெரியவர் இதைப் பொம்மையில் பயின்றிருந்தால்தான் கிணற்றுப் பாடத்தையே தொடங்க வேண்டும்.

தொட்டுப் பழகக் கூடாதவை

மின்சாரத்தில் பிள்ளை செய்யக்கூடிய ஒரே வேலை: மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) டெஸ்ட் பட்டனை அமுக்கி, கரண்ட் போகிறதா என்று பார்ப்பது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. போகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது. ஈரக் கை, வெறுங்கால், அறுந்த கம்பி, மோட்டார் ஷெட் ஆகிய நான்குக்கும் விலக்கு இல்லை. காட்டுப்பன்றிக்குக் கொல்லியைச் சுற்றி மின்சாரம் விடுவது சட்டவிரோதம், ஆனாலும் விடுகிறார்கள். தெரியாத கொல்லியின் வேலிக் கம்பியைத் தொடாமல் வரப்பிலேயே திரும்பி வரச் சொல்லுங்கள்.

பாம்புக்கும் தேளுக்கும்: செருப்பை, ஷூவைத் தலைகீழாகத் தட்டிப் போடுவது, விறகை இழுக்கும் முன் கழியால் தட்டுவது, இருட்டில் டார்ச் இல்லாமல் கால் வைக்காதது, தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுவது. கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரிதாக இராது. விடியலில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால், கண்ணிமை தொங்கினால், காத்திருக்காதீர்கள். பாம்புக்கடி ஒத்திகையை விளையாட்டாகவே செய்யலாம்: ஒருவர் கடிபட்டவர், அவர் நடக்கக் கூடாது. மற்றவர்கள் காலை ஒரு கட்டையோடு தளர்வாகக் கட்டி, அசைக்காமல் தூக்கிப் போக வேண்டும். கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கிடையாது. பாம்பைப் பிடிக்கவோ அடித்து எடுத்துவரவோ வேண்டாம், நம் நாட்டு விஷமுறிவு மருந்து நான்கு முக்கியப் பாம்புக்கும் பொதுவானதுதான். தேள் கொட்டிய பிள்ளைக்கு வியர்த்துக் கை கால் சில்லிட்டால் அதுவும் அவசரம்.

நாய்க்கு மரம்போல் நிற்பது. கை மடங்கி, பார்வை தரையில், ஓட்டம் இல்லை. கீறலாக இருந்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி. பிள்ளைகள் நாய் கீறியதை அடிக்குப் பயந்து மறைப்பார்கள். நாய்க்கடிக்குத் திட்டு கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாலையும் எருது விடும் விழாவும்

சாலையில் இடம் மாறி நடங்கள். பிள்ளை முன்னால், நீங்கள் பத்தடி பின்னால். எங்கே நிற்பது, எப்போது கடப்பது என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும். "இப்ப போலாம், அந்த லாரி போனதும்." தவறாகச் சொன்னால் மட்டும் "நில்லு". இரண்டு வாரம் இப்படிக் கடைக்குப் போய்வந்த பின் தனியே அனுப்பலாம், தெருவுக்குள்ளே. பத்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும் வண்டியின் வேகம் பிடிபடாது, அதனால் நெடுஞ்சாலையைச் சுரங்கப்பாதை அல்லது மேம்பாலம் இல்லாமல் கடக்கவே வேண்டாம்.

தையில் எருது விடும்போது பிள்ளையைக் கூட்டிப்போகாமல் இருக்க முடியாது. மாடு ஓடும் தெருவில் அல்ல, மாடி மேல். ஓடி முடிக்கும் இடத்தில் நிற்கவே கூடாது, மாடு திரும்புவது அங்கேதான். போனவுடன் பிள்ளையிடம் கேளுங்கள்: இங்கிருந்து வெளியே போக எத்தனை வழி? ஒரு வழிதான் என்றால் இடம் மாறுங்கள்.

அடிபட்ட பிறகு

மேலே சொன்ன எல்லாம் செய்தாலும் விரல் வெட்டும், முழங்கால் தேயும். அன்றைக்கு அந்த வேலை முடிந்தது. திட்டும் வேண்டாம், "நான் அப்பவே சொன்னேன்" வேண்டாம். மறுநாள் அல்லது காயம் ஆறியதும், என்ன நடந்தது என்று பிள்ளையே செய்து காட்டட்டும்: கை எங்கே இருந்தது, கண் எங்கே இருந்தது. பெரும்பாலும் விடை கண்ணில்தான் இருக்கும், யாரோ கூப்பிட்டுத் திரும்பியிருப்பான். பிறகு ஒரு படி கீழிறங்கித் தொடங்குங்கள். கேரட்டில் வெட்டிக்கொண்டவனுக்கு வெண்டைக்காய், இரண்டாள் உயரத்தில் விழுந்தவளுக்குத் தலையுயரக் கவை. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போட்டால் பயம் வேர்விடும், அடுத்த முறை கை நடுங்கும், நடுங்கும் கைக்குக் கத்தி இன்னும் ஆபத்து. கத்தியை மாற்றாதீர்கள், அதே கத்தியைச் சாணை பிடித்துக் கொடுங்கள்.

வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்: என்ன வேலை, எத்தனை முறை தவறில்லாமல், எங்கே தடுமாற்றம். தாத்தா வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ விடுமுறைக்கு அனுப்பும்போது அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். இந்தப் பிள்ளையைத் தனியே கிணற்றுப் பக்கம் விடலாமா, அடுப்பு பற்றவைக்கச் சொல்லலாமா என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.